வால்வு ஆம்ப்ளிஃபயருடன் சப்வூஃபர் இணைப்பு

வால்வு ஆம்ப்ளிஃபயருடன் சப்வூஃபர் இணைத்தல் என்பது, வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வீட்டு ஒலி அமைப்பில் தாழ்ந்த அதிர்வெண்களைத் தனி ஸ்பீக்கர் வழியே ஒலிக்கச் செய்யும் முறையாகும். அதிர்வெண்களைப் பிரிக்கும் சுற்று கிராஸ்ஓவர் எனப்படுகிறது. சாரல் காலத்தில் ஈரம் மிகும் தென்காசி, குற்றாலம் போன்ற ஊர்களில் இணைப்புகளின் பராமரிப்பும் முக்கியமாகிறது.

தேவை

ஒரே ஒலி அளவில் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், ஸ்பீக்கர் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஒரு 300பி வால்வு தனித்து ஏறத்தாழ 8 வாட் மட்டுமே தரும். எனவே சொந்த ஆம்ப்ளிஃபயர் கொண்ட சப்வூஃபரே ஏற்றது. அது வால்வு ஆம்ப்ளிஃபயரிடமிருந்து சமிக்ஞையை மட்டும் பெறுகிறது, திறனைப் பெறுவதில்லை.

ஆம்ப்ளிஃபயர் இல்லாத 8 ஓம் சப்வூஃபரை 8 ஓம் ஸ்பீக்கருடன் பக்க இணைப்பில் சேர்த்தால் சுமை 4 ஓமாகக் குறைந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருடனான பொருத்தம் கெடும்.

இணைப்பு முறைகள்

ஸ்பீக்கர் முனை இணைப்பு: ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே சப்வூஃபரின் உயர்நிலை உள்ளீட்டுக்குக் கம்பி செல்கிறது. அந்த உள்ளீட்டின் மின்மறுப்பு பல ஆயிரம் ஓம் என்பதால் ஆம்ப்ளிஃபயருக்குக் கூடுதல் சுமை இல்லை. ஆனால் முதன்மை ஸ்பீக்கர்களும் முழு ஒலியையும் தொடர்ந்து ஏற்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டுச் சப்வூஃபரை மட்டும் வைத்து இயக்கக் கூடாது. போதிய சுமையின்றி இயங்கினால் டிரான்ஸ்ஃபார்மரில் உயர் மின்னழுத்தம் எழுந்து அது பழுதாகலாம்.

முன்நிலைப் பிரிப்பு: முன்ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று சப்வூஃபருக்கும், மற்றொன்று ஒரு மின்தேக்கி வழியே வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் செல்லும். உள்ளீட்டு மின்தடை 1 லட்சம் ஓம் என்றால், 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சுமார் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைப் படிப்படியாகக் குறைக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயரின் பளு குறைவது இம்முறையில்தான். இரு முறைகளையும் கலக்கக் கூடாது. மின்தேக்கிக்குப் பின் ஸ்பீக்கர் முனையிலிருந்து சமிக்ஞை எடுத்தால் சப்வூஃபருக்குத் தாழ்ஒலி குறைவாகவே கிடைக்கும்.

சரிசெய்தல்

பிரிப்பு அதிர்வெண்ணை 60 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் வைத்துத் தொடங்கலாம். 10க்கு 12 அடி அறையில் சுமார் 47, 56 ஹெர்ட்ஸ் ஒலிகள் சுவர்களுக்கிடையே ஒத்ததிர்ந்து மிகுந்து கேட்கும். சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்தினால் இது மட்டுப்படும். ஃபேஸ் விசையை இரு நிலைகளிலும் வைத்துப் பார்த்து, பிரிப்பு அதிர்வெண்ணருகே ஒலி நிறைவாகக் கேட்கும் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாதசுவரக் கச்சேரிப் பதிவு நல்ல சோதனையாகும். தவிலின் தொப்பி முழக்கம் சப்வூஃபர் இருக்கும் இடத்திலிருந்து தனியே வந்தால் அதன் ஒலி அளவையோ பிரிப்பு அதிர்வெண்ணையோ குறைக்க வேண்டும்.

இரைச்சலும் பாதுகாப்பும்

இரு கருவிகளின் எர்த் இணைப்புகளும் வளையமானால் 50 ஹெர்ட்ஸ் 'உம்' ஓசை சப்வூஃபரில் பெரிதாகக் கேட்கும். இரண்டுக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் தருவது உதவும். எர்த் கம்பியைத் துண்டிப்பது ஆபத்தானது.

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தில், ஈரக்காற்றால் வால்வு ஊசிகளிலும் பிளக்குகளிலும் படலம் படிந்து கரகரப்பு எழலாம். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்தேக்கிகளில் அது அணைத்த பின்னும் தங்கியிருக்கக்கூடும் என்பதால், உட்புறத்தைத் தேர்ந்த மெக்கானிக் மட்டுமே திறக்க வேண்டும்.