எழுத்துகள் ஆடுவது திரையில் மட்டும்

2007 டிசம்பரில் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தின் நாயகன் இஷான் அவஸ்தி, மூன்றாம் வகுப்பில் இரண்டாம் ஆண்டாக உட்கார்ந்திருக்கும் சிறுவன். அமோல் குப்தே எழுத, ஆமிர் கான் இயக்கினார். இஷானாக நடித்தவர் தர்ஷீல் சஃபாரி. தேர்வில் 3 × 9 எவ்வளவு என்று கேட்கிறார்கள். சிறுவன் மூன்றாவது கோளான பூமியை இழுத்துப் போய் ஒன்பதாவது கோளான புளூட்டோவின் மீது மோதுகிறான். புளூட்டோ சிதறுகிறது, பூமி மிஞ்சுகிறது, விடை 3. (முந்தைய ஆண்டே புளூட்டோவைக் கோள்கள் பட்டியலிலிருந்து நீக்கியது சிறுவனின் குற்றமல்ல.)

அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா. அறிவு, பார்வை, செவி எல்லாம் சரியாக இருந்தும் வாசிப்பு மட்டும் படியாத நரம்பு வளர்ச்சிச் சிக்கல். படத்தில் எழுத்துகள் தாளில் ஆடுகின்றன; அவனுடைய நோட்டில் ஆங்கிலத்தின் 'பி'யும் 'டி'யும் இடம் வலம் மாறிக் கிடக்கின்றன. பார்க்க அழகுதான், ஆனால் சிக்கலின் மையம் கண்ணில் இல்லை.

இடம் வலம் மாறுவது எல்லா மூளைக்கும் பிறவிக் குணம். கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் குவளை குவளைதான். இடப்பக்கம் பாய்ந்தாலும் வலப்பக்கம் பாய்ந்தாலும் புலி புலிதான். எழுத்து பிறந்து சுமார் 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென்று மூளையில் தனி உறுப்பு பரிணமிக்க அது போதாது. எனவே எழுத்து, சொந்த வீடில்லாத குடித்தனக்காரரைப்போல, பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் இடது மூளையின் பின்கீழ்ப் பகுதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்கிறது. 'இடமும் வலமும் ஒன்றே' என்ற பழைய வீட்டுக்காரரின் பலகை அங்கே தொங்குகிறது. அதைக் கழற்றும்வரை எந்தக் குழந்தையும் எழுத்தைத் திருப்பி எழுதும். டிஸ்லெக்சியாவில் அறை கிடைப்பதே தாமதம், பலகையும் அதிக நாள் தொங்கும். கிடைத்த அறையிலிருந்து பேச்சொலி வசிக்கும் மாடிக்குப் போகும் படிக்கட்டோ குறுகல். பெட்டி படுக்கையை ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும். முன்பணம் யார் கொடுத்தார் என்று நரம்பியலாளர்கள் சொல்லவில்லை.

அந்தப் படிக்கட்டுதான் விஷயம்: எழுத்தை ஒலியோடு சேர்க்க, முதலில் சொல்லை ஒலிகளாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். 'மாடு' என்ற சொல்லில் முதல் ஒலியான 'ம்' போனால் மிஞ்சுவது என்ன? 'ஆடு' என்று பெரும்பாலான குழந்தைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள குழந்தை பெரும்பாலும் இங்கேதான் தடுமாறும். தாளோ எழுத்தோ இல்லாத, காதால் மட்டுமே செய்யும் வேலை இது. 1970களில் ஆய்வாளர் ஃபிராங்க் வெல்லுட்டினோ, ஹீப்ரு தெரியாத குழந்தைகளிடம் ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து வரையச் சொன்னார். வாசிப்பில் பின்தங்கியவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகவே வரைந்தார்கள். கண் பழுதென்றால் அது நடக்காது. ஒலிச் சிக்கலைப் படம் பிடிக்க முடியாது என்பதால் சினிமா எழுத்தை ஆட விட்டது.

வரலாறு சுருக்கமானது. 1896இல் ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மார்கன், புத்திசாலியாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1925இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இடம் வலம் மாறும் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார். பொதுமக்கள் இன்னும் விடவில்லை.

விடாத இன்னொன்று மேதைப் பட்டியல். படத்தில் ஓவிய ஆசிரியர் நிகும்ப், ஐன்ஸ்டைனையும் லியொனார்டோ டா வின்சியையும் வகுப்பில் நிறுத்துகிறார். சோதித்துப் பார்க்க வழியில்லாத, இறந்துபோனவர்களுக்குச் சான்றிதழ் எழுதும் வேலை இது. இஷானின் ஓவியத் திறமை இஷானுடையது. டிஸ்லெக்சியாவோடு இலவச இணைப்பாக வருவதல்ல.

நிகும்ப் மணலிலும் களிமண்ணிலும் எழுத்தைப் பழக்க, சிறுவன் விறுவிறுவென்று தேறிவிடுகிறான். நடைமுறையில் எழுத்தையும் ஒலியையும் ஒவ்வொன்றாகப் பிணைத்துக் கற்பிக்கும் முறையே பலன் தருகிறது. அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். பிழை குறைந்த பிறகும் வேகம் பலருக்குக் குறைவாகவே இருக்கும். தேர்வில் கூடுதல் நேரம் கொடுப்பது அதற்காகத்தான். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.