மந்திரமறிந்த மங்கையர்

மந்திரமறிந்த பெண்ணொருத்தியைத் தலைவியாக வைத்து, புராண உலகம் போன்றதொரு மாய உலகிலே நிகழ்வனவாகப் புனையப்படும் நாவல்கள் அண்மைக் காலத்தில் ஆங்கிலத்திற் பெருகிவிட்டன. கொழும்புப் புத்தகக் கடைகளில் அவற்றைக் காணலாம். கைத்தொலைபேசியில் அவற்றை வாசிக்கும் பெண்பிள்ளைகள் யாழ்ப்பாணத்து உயர்தர வகுப்புகளிலும் இருக்கின்றனர். பெற்றோருட் பலருக்கு இது காலம் கெட்டதன் அடையாளமாகத் தோன்றுகிறது. அவ்வாறு தீர்ப்புச் சொல்வதற்குமுன் அந்நூல்களுள் இருப்பது யாதென்று புரட்டிப் பார்ப்பது நன்று.

றொஷணி சொக்ஷி என்னும் அமெரிக்க எழுத்தாளரின் ‘ஆரு ஷா’ வரிசை 2018 இல் தொடங்கி 2022 இல் ஐந்து நூல்களாக நிறைவெய்தியது. தலைவிக்கு வயது 12. அத்திலாந்தா நகரிலே, தாய் பொறுப்பாயிருக்கும் இந்தியக் கலைக்கூடம் ஒன்றில் வாழ்கிறாள். சகமாணவரிடம் வீறாப்புப் பேசியதன் விளைவாக, ஏற்றக்கூடாத விளக்கொன்றை ஏற்றிவிடுகிறாள். உறங்கிக் கிடந்த தீய சக்தி எழுகிறது. தாயும் சகமாணவரும் சிலைபோல் உறைந்துவிடுகின்றனர். பாண்டவர் ஐவரின் ஆன்மாக்கள் இக்காலத்திலே பெண்பிள்ளைகளாக மறுபிறவி எடுத்துள்ளன என்பதையும், அவர்களுள் தானும் ஒருத்தி என்பதையும் அதன் பின்னரே அவள் அறிகிறாள். பாரதக் கதை கேட்டு வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நகைச்சுவை மிகுதி, சில இடங்களில் வேண்டியதிலும் மிகுதி.

டாஷா சூரி இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய ‘ஜாஸ்மின் துரோன்’, அதாவது மல்லிகை அரியணை, 2021 இல் வெளிவந்து மறு ஆண்டு உலகக் கற்பனைப் புனைவு விருதினைப் பெற்றது. பேரரசனாகிய தமையனாற் பாழடைந்த கோயிலொன்றிற் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினி. அங்கே குற்றேவல் செய்யும் பிரியா. பிரியாவோ அக்கோயிலின் இறவாநீரில் மூழ்கி ஆற்றல்பெற்ற குழந்தைகளுள் எஞ்சியவள். செடிகொடிகள் மனித உடலிலே வேர்விட்டு வளரும் ஒரு கொடுநோயும் அந்நாட்டிற் பரவுகிறது. ஆற்றலுக்கு விலையுண்டு என்பதை இந்நூல் ஓரிடத்தும் மறப்பதில்லை. ஆதலின் இவ்வகையுள் மேலானதென இதனைச் சொல்வோம். பெரியவர்க்கான நூல்; 12 வயதுப் பிள்ளையின் கையிற் கொடுக்கத்தக்கதன்று.

வைஷ்ணவி பட்டேல் 2022 இல் வெளியிட்ட ‘கைகேயி’ இன்னொரு வகை. மனிதரையும் மனிதரையும் பிணைக்கும் உறவுகள் நூலிழைகளாக அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகின்றன. அவ்விழையைத் தொட்டு அசைத்தால் எதிரிலிருப்பவர் மனமும் அசையும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் இழை அறுந்துவிடும். இரண்டு வரம் கேட்டு ஒரு குலத்தையே உலுக்கியவளுக்கு இதைவிடப் பொருத்தமான மந்திரம் கிடையாது. இராமனை அவ்வாசிரியை தீட்டியிருக்கும் விதம் எமக்கு உவப்பாயில்லை. ஆயினும் கைகேயிக்கும் ஒரு பக்கம் இருந்திருக்கும் என்று எண்ணியதிற் பிழை காணோம்.

மற்றையன பல ஒரே அச்சில் வார்த்தவை. பெற்றோரை இழந்த பெண், மறைந்திருந்த மந்திரசக்தி, பறிபோன அரியணை, போர், மூன்றாம் பாகத்தில் முடிசூட்டு. அவற்றின் பெயரை விட்டுவிடுவோம்.

‘இதிகாசத்தை இப்படி மாற்றலாமா?’ என்று கேட்பவர்க்கு அல்லியை நினைவூட்ட வேண்டும். வியாசர் அறியாத அல்லி அவள். மதுரையை ஆண்டு, ஆடவர் எவரையும் பொருட்படுத்தாது வாழ்ந்தவள். அருச்சுனன் கண்ணன் துணையாற் பாம்புருக் கொண்டு அவள் அரண்மனையுட் புகுந்து, உறங்கும்போது தாலி கட்டினான் என்று ‘அல்லி அரசாணி மாலை’ கூறும். புகழேந்தியார் பெயரால் வழங்கும் இந்நூலைப் பெரிய எழுத்துப் பதிப்பில் எத்தனையோ வீடுகளில் ஒருவர் இராகமிட்டு வாசிக்க மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். கேட்டவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். அல்லி பாரதத்தைக் கெடுத்தாள் என்று அவர்கள் முறையிடவில்லை.

சில மாதங்களுக்குமுன் மாணவி ஒருத்தியின் தாயார் எம்மிடம் வந்து, “சேர், இவள் விடிய விடிய உந்த மாயக் கதையளோடைதான். பாடப் புத்தகத்தையும் ஒருக்கால் திறக்கச் சொல்லுங்கோ” என்று முறையிட்டார். மகள் தலைநிமிராமலே சொன்னாள்: “மணிமேகலையை நான் படிச்சு முடிச்சிட்டன் அம்மா. அது சோதினைக்கு. இது வாசிக்கிறதுக்கு.”

அப்பிள்ளை அறியாமலே ஒரு பெரிய வழக்கைத் தொடுத்துவிட்டாள். அவள் தேடும் எல்லாம் மணிமேகலையில் இருக்கின்றன. புகார் நகரத்து உவவனத்திற் பூக்கொய்யச் சென்ற பெண்ணை அரசகுமாரன் உதயகுமாரன் பின்தொடர்கிறான். அன்றிரவு மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலே எடுத்து, முப்பது யோசனை தெற்கே, மணிபல்லவம் என்னும் தீவிற் கொண்டுவந்து வைத்துப் போகிறது. விழித்தபோது அறியாத கடற்கரை, மணற்குன்று, மனித அரவம் இல்லை. ஒளிந்து விளையாடுகிறாளோ என்றெண்ணித் தோழி சுதமதியைக் கூப்பிடுகிறாள். பின் வாளுக்கு இரையான தந்தை கோவலனை நினைத்து அழுகிறாள். புதிய நாவலாசிரியர் எவரும் இதனினும் நல்ல தொடக்கத்தை எழுதிவிடவில்லை.

அத்தீவு எமது நயினாதீவே என்பது இங்கு நெடுங்காலமாக நிலவும் கொள்கை. வேறிடம் கூறுவாரும் உளர். நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் பொருத கதையை மணிமேகலை மணிபல்லவத்தில் வைத்தும், மகாவம்சம் நாகதீபத்தில் வைத்தும் கூறுகின்றன. ஆங்கில மாயநாவல்களின் முகப்பில், இல்லாத நாட்டுக்கு ஒரு வரைபடம் இருக்கும். எமது பிள்ளைகளோ குறிகட்டுவானிலிருந்து படகேறி, நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் உள்ள அந்தத் தீவில் இறங்கி நடக்கலாம்.

மணிமேகலை பெறும் மந்திரங்கள் மூன்று. வேற்றுருக் கொள்வது ஒன்று, வான்வழிச் செல்வது ஒன்று, பசியை நீக்குவது ஒன்று. வாளெடுக்கும் மந்திரம் அவற்றுள் இல்லை. இந்த மூன்றாவது மந்திரத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். முதலில் அவளுடைய சொந்தப் பசி தீர்கிறது. அதன் பின்னரே, வைகாசி விசாகத்தன்று, கோமுகி என்னும் பொய்கையிலிருந்து அமுதசுரபி எழுந்து அவள் கைக்கு வருகிறது. பிறர் பசி தீர்க்கும் வேலை தொடங்குகிறது. யானைத்தீ என்னும் அடங்காப் பசியாற் பன்னிரண்டு ஆண்டு வருந்திய காயசண்டிகை, அவள் இட்ட உணவினாலே நோய் தீர்கிறாள்.

அந்த உதவியே பேரிடருக்கு வித்தாகிறது. உதயகுமாரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவையே மணிமேகலை எடுத்துக்கொள்கிறாள். மனைவியைத் தேடிவந்த காஞ்சனன் அவ்வுருவைக் கண்டு மயங்கி, உதயகுமாரன்மேற் பொறாமை கொண்டு, அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். உருமாறத் தெரிந்தவளுக்கு அவ்வுயிரைக் காக்கத் தெரியவில்லை. முற்பிறப்பிலே தன் கணவனாயிருந்தவன் அவன் என்பது அவளுக்கு முன்னரே தெரியும். அதனால் அழுகை இரட்டிக்கிறது. மைந்தனை இழந்த அரசனின் ஆணையாற் சிறையும் வாய்க்கிறது. உதயகுமாரன் இறப்பதற்கு முன்னரே அரசனிடம் அவள் வேண்டிப் பெற்றது சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுவதையே. கைப்பட்ட ஆற்றலினால் இன்னோர் உயிர் போவதைக் கண்டு துடிக்கும் தலைவியை இன்றைய நூல்களில் எத்தனை பேர் படைத்திருக்கின்றனர்? டாஷா சூரி படைத்திருக்கிறார். வேறு பலருக்கு அது தோன்றவேயில்லை.

அமுதசுரபியை வெறுங் கற்பனை என்று எமது மக்களிடம் சொல்வதற்கும் நா எழாது. 1995 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009 இல் வவுனியா முகாம்களிற் கோப்பையுடன் வரிசையில் நின்றவர்களும் எமது வீடுகளிலேயே இருக்கின்றனர். பௌத்த காப்பியம் என்று இதனை ஒதுக்குவார் எவரேனும் இருப்பின், 1898 இல் இதனை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறைச் சைவ மடத்திலே தமிழ் கற்றவர் என்பதை அறிவாராக.

இவ்வளவு இருந்தும் எமது நாவலாசிரியர் இத்துறையில் அதிகம் புகவில்லை. தொடக்கத்திற் புகாமலில்லை. சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885 இல் வந்தது. 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பியப் பழங்கதையொன்றின் தழுவலே. பின்னர், 1950 களிலும் 60 களிலும் முற்போக்கு எழுத்தாளர் சாதிக்கொடுமையையும் வறுமையையும் உள்ளபடி எழுதப் புறப்பட்டனர். டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்தது. அத்தகைய காலத்தில் வானிற் பறக்கும் பெண்ணுக்கு இடமிருக்கவில்லை, இருந்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்து வந்த போர்க்காலம் தன் கதையைத் தானே எழுதுவித்தது. மாயக்கதை குழந்தைகள் பங்காகி, 1947 இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வோடு நின்றது, அவ்விதழும் பின்னர் நின்றுபோயிற்று. இதற்கிடையில் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதிய மாயநாவலொன்று 2023 இல் வெளிவந்து, 2024 இல் அமெரிக்காவின் நெபியூலா விருதைப் பெற்றது. தந்தையைக் கொல்லும்படி மகனைப் பயிற்றி வளர்க்கும் தாயொருத்தி அதில் வருகிறாள். இலங்கை மண்ணில் இத்தகைய நாவல் முளைக்காது என்பார்க்கு அது விடை.

தமிழில் எழுத விரும்புவோர்க்கு மணிமேகலை பெரிதாகத் தோன்றினால், கீரிமலைக்கு வரலாம். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையை ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ சொல்கிறது. குதிரை முகமும் தீராத குன்ம நோயும் அவளை வருத்தின. துறவியொருவர் சொற்கேட்டுக் கடல் கடந்து வந்து, கீரிமுக முனிவர் நீராடி முகம் மாறிய அந்தச் சுனையில் அவளும் நீராடினாள். நோய் தீர்ந்தது, குதிரை முகமும் நீங்கிற்று. மா விட்ட இடம் மாவிட்டபுரமாயிற்று. அவள் எடுப்பித்த கோயிலுக்குக் காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறையாயிற்று. சிங்க முகமுடைய அரசன் உக்கிரசிங்கன் அவளை மணந்தான். வரலாற்றாசிரியர் இதனைச் சரித்திரமாக ஏற்பதில்லை. நாவலாசிரியனுக்கு அக்கவலை இல்லை.

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின், இந்த ஊர்களைக் கண்ணாற் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர் தெரியும். பெயருக்குள் இருக்கும் குதிரை தெரியாது.

சென்ற தவணையில் இக்கதையைக் கூறி, விரும்பியோர் ஒரு நாவலின் முதல் அத்தியாயமாக அதனை எழுதலாம் என்றோம். பலர் சுனையில் மூழ்கி அழகியாக எழுந்தாள் என்று முடித்துவிட்டனர். தாயாரோடு வந்தாளே, அந்த மாணவி மட்டும் வேறுவிதமாக எழுதினாள். அவளுடைய இளவரசிக்குக் குதிரைச் செவிகள். அவற்றினால் நெடுந்தூரத்து ஓசைகளும், வேறெவருக்கும் விளங்காத பேச்சுகளும் கேட்கும். சுனையிலிருந்து எழுந்ததும் சேடியர் மகிழ்ந்து கூவுகின்றனர். அவளோ நனைந்த கூந்தலுடன் கரையில் நின்று, அண்டையிலிருக்கும் கடல் ஏன் இவ்வளவு மெல்ல ஒலிக்கிறது என்று கேட்கிறாள். எழுத்துப்பிழை ஏழு இருந்தது. சிங்கமுக அரசன் வருவது இரண்டாம் அத்தியாயத்திலாம். விடுமுறைக்குள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.