இரும்புக்குப் பிடித்த திசை

சாதாரண இரும்புக் குண்டு ஒன்றை எந்தத் திசையில் காந்தப்படுத்தினாலும் ஒன்றுதான். அதற்குள் எண்ணற்ற நுண்படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடக்கின்றன; ஒன்றின் விருப்பம் மற்றொன்றால் மறைந்துபோகிறது. அந்த விருப்பத்தைப் பார்க்க இரும்பை ஒரே படிகமாக வளர்க்க வேண்டும். ஜப்பானின் செண்டாய் நகரில் கோதாரோ ஹோண்டாவும் செய்ஜி காயாவும் அப்படிப்பட்ட படிகங்களை அளந்து 1926இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இரும்பின் அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அமர்ந்திருக்கும். கனசதுரத்தின் விளிம்பை ஒட்டிக் காந்தப்படுத்தினால் மிகச் சிறிய காந்தப்புலமே போதும். மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, உடலை ஊடுருவிச் செல்லும் திசையில் முயன்றால் இரும்பு முரண்டு பிடிக்கிறது, ஏறத்தாழ 0.05 டெஸ்லா தேவைப்படுகிறது. நிக்கலில் இது தலைகீழ்: மூலைவிட்டம் எளிது, விளிம்பு கடினம். கோபால்ட்டோ ஒரே அச்சைத்தான் ஏற்கும். அறுகோணத் தூண் போன்ற அதன் அமைப்பில், தூணின் நீளவாக்கில் காந்தம் தானாகவே நிற்கும். குறுக்கே திருப்ப ஏறக்குறைய 1 டெஸ்லா வேண்டும். இந்தப் பிடிவாதமும் வெப்பத்துக்கு அடங்கிவிடும்: சுமார் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் காந்தம் அச்சைவிட்டுச் சாயத் தொடங்கி, இன்னும் சூடேற்றினால் குறுக்குத் தளத்திலேயே படுத்துவிடுகிறது.

ஏன் இந்த விருப்பம்? காந்தத்தன்மை பெரும்பாலும் எலெக்ட்ரானின் தற்சுழற்சியிலிருந்து வருகிறது. பக்கத்துச் சுழற்சிகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க விரும்பும். ஆனால் எந்தத் திசையில் என்பதில் அவற்றுக்கு அக்கறையில்லை. திசையை அறிந்தது எலெக்ட்ரானின் சுற்றுப்பாதை. சுற்றியுள்ள அணுக்களின் மின்புலத்தால் அது நெருக்கப்பட்டிருக்கிறது. சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் இடையே ஒரு மெல்லிய பிணைப்பு உண்டு. அதன் வழியாகத்தான் படிகத்தின் வடிவம் காந்தத்துக்குத் தெரியவருகிறது. 1937இல் இயற்பியலாளர் வான் விளெக் இதைக் குவாண்டம் கோட்பாட்டால் விளக்கினார்.

என்னை வியக்க வைப்பது இதன் அளவு. இரும்பில் அணு ஒன்றுக்கு இந்த விருப்பத்தின் ஆற்றல் ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் பத்து லட்சத்தில் மூன்று நான்கு பங்குதான். அறை வெப்பத்தின் அசைவு அதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிது. தனி அணு என்றால் விருப்பம் அந்த அசைவில் கரைந்தே போகும். ஆனால் இணையாக நிற்கும் கட்டாயத்தால் கோடானுகோடி அணுக்கள் சேர்ந்தே திரும்புகின்றன. ஊரே வடம் பிடித்த தேர் அது. அசைவுகளுக்கு அசைந்து கொடுக்காது.

அமெரிக்கரான நார்மன் காஸ் 1934இல் காப்புரிமை பெற்ற முறை இந்த விருப்பத்தை ஆலைக்குள் கொண்டுவந்தது. ஏறத்தாழ 3 சதவீதம் சிலிக்கான் கலந்த எஃகை உருட்டித் தகடாக்கிச் சூடேற்றினால், சரியான திசை கொண்ட சில படிகங்கள் மட்டும் அக்கம்பக்கத்தை விழுங்கி வளர்கின்றன. தகட்டின் மேற்பூச்சை அகற்றி அமிலத்தில் நனைத்தால், சில மில்லிமீட்டர் முதல் சென்டிமீட்டர் வரை விரிந்த படிகங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். எல்லாவற்றின் எளிய விளிம்பும் உருட்டிய திசையிலேயே இருக்கும். இந்தத் தகடுகளால்தான் டிரான்ஸ்பார்மரின் உள்ளகத்தை அடுக்குகிறார்கள். மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறும்போது காந்தமும் கூடவே புரள வேண்டும். எளிய திசையில் புரண்டால் வெப்பமாக வீணாகும் ஆற்றல் குறைகிறது. உள்ளகத்தின் மூலைகளில் காந்தப்பாய்வு திரும்ப வேண்டியிருப்பதால், அங்கே தகடுகளை 45 டிகிரியில் சாய்த்து வெட்டிப் பொருத்துகிறார்கள்.