யாரை முதலில் பேச அழைப்பது?

இன்னொரு டீ சொல்லிக்கொள்வோம். இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பல பாடங்களுக்கு, வகுப்பில் பேசுவதற்கென்றே தனி மதிப்பெண் உண்டு. இங்கிருந்து எம்.எஸ். படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரிலேயே இதைக் கண்டு திகைப்பார்கள். எனவே, கேள்வி கேட்ட ஆசிரியர் யார் பக்கம் திரும்புகிறார் என்பது அங்கே சின்ன விஷயமல்ல.

2017-இல் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வு மாணவர், கறுப்பினப் பெண்களைத்தான் முதலில் பேச அழைப்பதாகவும் வெள்ளை ஆண்களின் முறை கடைசியில்தான் வரும் என்றும் பொதுவெளியில் எழுதினார். நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. தோல் நிறம் பார்த்து வாய்ப்புக் கொடுப்பதே இனப்பாகுபாடு என்றது ஒரு தரப்பு. நிறம் பார்த்துத்தானே இவ்வளவு காலமும் வாய்ப்புக் கொடுத்தீர்கள், அதை ஈடுசெய்ய வேண்டாமா என்றது மறுதரப்பு. இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் கத்துவதில் பயனில்லை.

இந்த முறை வகுப்பறையில் பிறந்ததல்ல. 2011-இல் நியூயார்க்கின் ஸுக்காட்டி பூங்காவில் வால் ஸ்ட்ரீட்டை எதிர்த்துக் கூடாரம் போட்டவர்கள், தினமும் பொதுக்கூட்டம் நடத்தினார்கள். பேச விரும்புகிறவர்களின் பெயர்களை ஒருவர் வரிசையாகக் குறித்துக்கொள்வார். வழக்கமாகக் குரல் எடுபடாதவர்களின் பெயரை அந்த வரிசையில் மேலே ஏற்றிவிடுவதும் உண்டு. விருப்பப்பட்டு வந்து உட்கார்ந்தவர்கள் தங்களுக்குள் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. பிடிக்காதவர் எழுந்து போகலாம்.

வகுப்பிலிருக்கும் மாணவரால் அப்படி எழுந்து போக முடியாது. மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனம் இனத்தைக் காட்டி யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்று 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும் சொல்கிறது. ஆனால் சட்டத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. முப்பது பேர் வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பெண் இருக்கிறாள் என்று வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் அவளையே கூப்பிட்டால், அவள் தன் கருத்தைச் சொல்ல வந்த மாணவியாக இருக்க முடியாது. ஓர் இனத்தின் பிரதிநிதியாகிவிடுகிறாள். அடிமைமுறை பற்றிய பாடம் வரும்போது எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்பும் சங்கடத்தை அவள் ஏற்கெனவே அனுபவித்திருப்பாள். அதையே தினமும் செய்வதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் கை தூக்கியவரைக் கூப்பிடுவது மட்டும் பாரபட்சமற்றதா? அதுவும் இல்லை. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர், வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970-களில் எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான்! கெட்டிக்காரர் என்று தாங்கள் நினைத்த பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், மந்தம் என்று நினைத்தவர்களுக்குக் குறைவான நேரமும் தந்தார்கள், தங்களை அறியாமலே. மூன்று விநாடி பொறுத்தபோது, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

இனி டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகருக்குப் போவோம். இந்த விவாதத்தில் இறங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த ஊரின் கதையைத்தான் என்பேன்.

பள்ளியில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஸ்டினில் அது முழுதாக நடைமுறைக்கு வர வருஷங்கள் ஓடின. 1971-இல் வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது அடிதடி மூண்டது. கல்வி அதிகாரிகள், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சனிடம் உதவி கேட்டார்கள். அவர் அறிவுரை சொல்லக் கிளம்பவில்லை. ஐந்தாம் வகுப்புகளில் போய் உட்கார்ந்து கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டதும் சில கைகள் துள்ளி எழும். மற்றவர்கள் கண்ணில் படாமல் ஒடுங்குவார்கள். ஒருவனைக் கூப்பிட்டதும், கை தூக்கிய மற்றவர்கள் முகம் சுருங்கும். அவன் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று மனம் ஏங்கும். வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் இந்தப் போட்டியில் முதல் நாளே தோற்றிருந்தார்கள்.

ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் அந்தப் போட்டியையே கலைத்தார்கள். ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்கள். ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று. ஒவ்வொருவரும் தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தேர்வோ முழுப் பாடத்துக்கும். கார்லோஸ் என்று ஆரன்சன் பெயர் மாற்றிச் சொல்லும் சிறுவனுக்கு ஆங்கிலம் தடுமாறும். முதலில் குழுவினர் அவனைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் அவனிடம் இருக்கும் பகுதி வேறு யாரிடமும் இல்லை. சில நாட்களில், அவனிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று அறிந்து கேட்கப் பழகினார்கள். அவனும் பேசினான்.

பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போனது, இனம் தாண்டியும். சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியம். 2017 சண்டை முழுக்க, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையின்மேல் நடந்தது. ஆஸ்டினில் யாருடைய முறையும் பறிபோகவில்லை. ஜிக்சா வகுப்பறை என்று பெயர் பெற்ற இம்முறை பிறகு வேறு இடங்களில் எப்போதும் இதே பலனைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பாடத்தையும் இப்படித் துண்டாக்கவும் முடியாது.

முடியாத நாளில் ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருக்கைகளின் வரைபடம் ஒன்றைப் போட்டு, ஒரு வாரம் யார் பேசினார், யாரைக் கூப்பிட்டோம், எவ்வளவு காத்திருந்தோம் என்று கோடு கோடாகக் குறித்துக்கொண்டே வரட்டும். கோடு விழாத இருக்கைகளில் உட்காருகிறவர்கள் யார் என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரப் பாடத்தைத் திட்டமிடட்டும்.