ஆய்விதழ்களும் அறநெறியும்

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிப்பவர் அதனை எழுதியவரை நேரில் கண்டவர் அல்லர். அவர் நிகழ்த்திய சோதனையை உடனிருந்து பார்த்தவரும் அல்லர். ஆயினும் அக்கட்டுரையின் முடிவை ஏற்கிறார். அதன்மேல் தம் ஆய்வைத் தொடங்குகிறார். மருத்துவர் அதனை நம்பி மருந்து தருகிறார். அரசு அதனை நம்பித் திட்டம் தீட்டுகிறது. முகமறியாதவர் மேல் கொள்ளும் இந்த நம்பிக்கையே ஆய்விதழின் மூலதனம். அம்மூலதனம் குலைந்தால் விளையும் கேடு யாது, அதனைக் காக்க வகுக்கப்பட்டுள்ள நெறிகள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தோற்றமும் முறையும்

1665ஆம் ஆண்டு இலண்டன் ராயல் கழகத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அறிவியல் ஆய்விதழ்களின் முன்னோடிகளுள் ஒன்றான அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. ஒரு கண்டுபிடிப்பு யாருடையது, எப்போது அறிவிக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்வதும், அதனைப் பிற அறிஞர் ஆராய வழிசெய்வதும் ஆய்விதழின் அடிப்படைப் பணிகள். காலப்போக்கில், வரும் கட்டுரையை அத்துறை வல்லுநர் சிலருக்கு அனுப்பி, அவர்தம் மதிப்பீட்டைப் பெற்ற பின்னரே வெளியிடும் முறை வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பொது வழக்காயிற்று.

ஆனால், மதிப்பீட்டாளர் கையில் இருப்பது கட்டுரை ஒன்றே. ஆய்வுக்கூடத்தின் குறிப்பேட்டையோ மருத்துவமனையின் பதிவேட்டையோ அவர் பார்ப்பதில்லை. எழுதியவர் உண்மையே எழுதியுள்ளார் என்று கொண்டுதான் அவர் தம் பணியைத் தொடங்குகிறார். இதன் பொருளை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்மைக் கால வரலாற்றில் உண்டு.

பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை

1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், புகழ்பெற்ற மருத்துவ இதழான 'லான்செட்' ஒரு கட்டுரையை வெளியிட்டது. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சார்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு அதன் முதலாசிரியர். அவருடன் மேலும் பன்னிருவர் பெயர்கள் இடம்பெற்றிருந்தன. ஆராயப்பட்ட குழந்தைகளும் பன்னிருவரே. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்குமான கூட்டுத் தடுப்பூசிக்கும், ஆட்டிசம் என்னும் குறைபாட்டிற்கும் தொடர்பிருக்கலாம் என்னும் ஐயத்தை அக்கட்டுரை எழுப்பியது. செய்தியாளர் கூட்டத்தில் வேக்ஃபீல்டு இன்னும் ஒருபடி மேலே சென்று, மூன்று ஊசிகளையும் தனித்தனியே போடுவதே நன்று என்றார்.

பெற்றோர் அஞ்சினர். இங்கிலாந்தில் தொண்ணூறு விழுக்காட்டிற்கு மேல் இருந்த இத்தடுப்பூசி அளவு, 2003-04ஆம் ஆண்டில் ஏறத்தாழ எண்பது விழுக்காடாகச் சரிந்தது. டென்மார்க்கில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை என்று காட்டிய பின்னும் அச்சம் அகலவில்லை. 2012-13ஆம் ஆண்டுகளில் வேல்ஸ் நாட்டின் சுவான்சி வட்டாரத்தில் தட்டம்மை பரவி, ஆயிரத்திற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று; ஓர் இளைஞர் உயிரிழந்தார். 'லான்செட்' இதழை ஒருநாளும் படித்திராத குடும்பங்கள் அதன் ஒரு கட்டுரைக்கு விலை கொடுத்தன.

மீறப்பட்ட நெறிகள்

2004ஆம் ஆண்டு 'சண்டே டைம்ஸ்' வார இதழில் பிரையன் டியர் என்னும் செய்தியாளர் உண்மைகளை வெளிக்கொணரத் தொடங்கினார். அவற்றை ஒவ்வொன்றாக நோக்கினால், ஆய்விதழ் அறத்தின் நான்கு தூண்களும் நமக்குப் புலனாகும்.

முதலாவது, பொருள் தொடர்பை மறைக்காமை. தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுக்க முனைந்திருந்த வழக்குரைஞரிடமிருந்து வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்தார். கட்டுரை அதனைக் கூறவில்லை. பணம் பெற்றவர் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடாது. ஆனால் படிப்பவர் அதனை அறிந்தே படிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆய்வுக்கு உட்படுவோர் நலம். உரிய அறக்குழுவின் ஒப்புதலின்றிக் குழந்தைகள் மேல் கடுமையான சோதனைகள் நடத்தப்பட்டன என்று பிரிட்டனின் பொது மருத்துவக் குழு 2010ஆம் ஆண்டு ஜனவரியில் கண்டறிந்தது.

மூன்றாவது, தரவின் தூய்மை. குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளுக்கும் கட்டுரை கூறியவற்றிற்கும் முரண்பாடு இருந்ததை 2011ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' விரிவாக வெளியிட்டது. இல்லாத தரவைப் புனைவதும், இருக்கும் தரவைத் திரிப்பதும் ஆய்வுலகின் பெருங்குற்றங்கள்.

நான்காவது, பெயருக்குரிய பொறுப்பு. கட்டுரையாசிரியர்களுள் பதின்மர் 2004இல் அதன் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டனர். ஆய்வில் உண்மையான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவிற்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் உடையவரே ஆசிரியர் என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இன்று வரையறுக்கிறது. துறைத்தலைவர் என்பதற்காகவோ, நண்பர் என்பதற்காகவோ ஒருவர் பெயரைச் சேர்ப்பது இவ்வரையறைக்குப் புறம்பானது.

2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'லான்செட்' அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே திங்களில் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பட்டியலினின்று நீக்கப்பட்டது. பிழையான கட்டுரை வெளிவர ஒரு நாள் போதுமாயிருந்தது. அதனை நீக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டு நிலை

இக்கேடு எங்கோ நிகழ்ந்தது என்று நாம் அமைதி கொள்ள இயலாது. 2013ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழின் சார்பில் ஜான் போஹானன் என்பவர், வேண்டுமென்றே பிழைகள் நிறைத்த போலிக் கட்டுரை ஒன்றைப் பல வடிவங்களில் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றுக்கொண்டன. அவ்வாறு அனுப்பப்பட்ட இதழ்களுள் இந்தியாவிலிருந்து வெளிவந்தவை மிகுதி. கட்டணம் பெற்றுக்கொண்டு மதிப்பீடின்றி வெளியிடும் இத்தகைய போலி இதழ்கள், பட்டத்திற்கும் பதவி உயர்விற்கும் கட்டுரைகளை எண்ணும் வழக்கத்தால் வளர்ந்தவை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது பத்து விழுக்காடு வரையெனில் தண்டனை இல்லை. அதற்குமேல் நாற்பது வரையெனில் திருத்தி அளிக்க வேண்டும். அறுபது வரையெனில் ஓராண்டு தடை. அதற்கும் மேலெனில் பதிவே நீக்கப்படும். ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்றிருந்த கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிகள் கைவிட்டன. தரமான இதழ்களைக் குறிக்க அக்குழு பேணிவந்த 'கேர்' பட்டியலும் 2025ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. எனவே நல்ல இதழைத் தேரும் கடமை இன்று கல்வி நிறுவனங்களையும் ஆய்வாளரையுமே சாரும்.

இங்கு மாணவர் ஒன்றை மறத்தலாகாது. ஒப்புமை விழுக்காட்டைக் கணினி கணக்கிடலாம். நேர்மையை அது கணக்கிடாது. சொற்களை மாற்றிவிட்டுப் பிறர் கருத்தைத் தமதெனக் காட்டுபவர் கணினிக்குத் தப்பலாம். ஆயினும் அதுவும் திருட்டே. தமிழாய்விற்கும் இது பொருந்தும். மூலநூலைப் பாராமல், வேறொருவர் நூலில் கண்ட மேற்கோளைத் தாமே கண்டதுபோல் அடிக்குறிப்பிடுவது நம்மிடையே எளிதாகக் கருதப்படும் பிழை. அவர் செய்த அச்சுப்பிழையும் அத்துடன் நம் ஆய்வேட்டில் குடிபுகும்.

பிழையை ஒப்புதலும் பெருமையே

தவறு நேர்ந்துவிடின் செய்யத்தக்கது யாது? 2018ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான ஃபிரான்சஸ் அர்னால்டு வழிகாட்டுகிறார். அவரும் அவர்தம் குழுவினரும் 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையின் முடிவுகளை மீண்டும் பெற இயலவில்லை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அதனைத் திரும்பப் பெற்று, தாம் உரிய கவனம் செலுத்தவில்லை என்று உலகறிய வருந்தினார். அவர் புகழ் அதனால் குன்றவில்லை.

விதிகளும் குழுக்களும் தேவையே. ஆயினும் அவை பெரும்பாலும் தீங்கு நிகழ்ந்த பின்னரே வந்து சேர்கின்றன. தீங்கு நிகழுமுன் நிற்கக்கூடிய காவலர் ஒருவரே. அவர் தனியறையில் தம் குறிப்பேட்டின் முன் அமர்ந்திருக்கும் ஆய்வாளர். இக்கல்லூரியிலிருந்து ஆய்வுலகிற்குச் செல்லும் மாணவ மாணவியர், கட்டுரைகளின் எண்ணிக்கையால் அன்றி, எழுதியவற்றின் உண்மையால் அறியப்படுவாராக. நம் பெயரைக் கண்டதும் முகமறியாத ஒருவர் ஐயமின்றிப் படிக்கத் தொடங்குவாராயின், அதுவே நாம் பெற்ற உயர்ந்த பட்டம்.