கோட்டை வாத்தியமும் தீட்சிதர் மெட்டும்

சென்ற மார்கழியில் ஒரு மாலை, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள தேவாலயம் ஒன்றில் ராணுவ இசைக்குழுவின் நிகழ்ச்சி நடந்தது. அனுமதி இலவசம் என்று வாயிலில் தட்டி வைத்திருந்தார்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு மார்கழி என்றால் ஒரு சபாவிலிருந்து இன்னொரு சபாவுக்கு ஓடுவதுதான் வழக்கம். நடுவில் சிற்றுண்டிச்சாலை என்கிற கடமையும் உண்டு. அன்று பேத்தியின் வற்புறுத்தலால் திசை மாறினேன்.

பலிபீடத்துக்கு முன்னால் சுமார் முப்பது வீரர்கள் அரைவட்டமாக அமர்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லை, உயர்ந்த கூரையே ஒலியை வாங்கித் திருப்பித் தந்தது. கிறிஸ்துமஸ் கீதங்கள் சில, அணிவகுப்பு இசை சில. பிறகு, முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுவர்களுக்காக ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டை வாசித்தார்கள். கிளாரினெட்டில் தொடங்கி, டிரம்பெட்டுக்குப் போய், கடைசியில் பெரிய டியூபா அதை முழங்கியபோது பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, இது எங்க பாட்டு மிஸ் சொல்லிக் கொடுத்த சியாமளே மீனாட்சி!”

முன்னால் இருந்த சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால், அவள் சொன்னது சரி. முத்துசுவாமி தீட்சிதரின் ‘சியாமளே மீனாட்சி’ அமைந்திருப்பது அந்த மெட்டில்தான். அந்த மெட்டும் ஆங்கிலேயருடையது அன்று. 1761-க்குள்ளேயே அச்சேறிவிட்ட பிரெஞ்சு மெட்டு அது. ஜேன் டெய்லர் எழுதிய ஆங்கிலக் குழந்தைப் பாடல் வெளிவந்தது 1806-இல். ஆக, பிரெஞ்சு மெட்டு ஒன்று ஆங்கிலப் பாடலாகவும் சம்ஸ்கிருத சாகித்யமாகவும் இரு வேறு கிளைகளாக வளர்ந்திருக்கிறது.

அது தீட்சிதரின் காதுக்கு எப்படி எட்டியது? அவருடைய தந்தை ராமசாமி தீட்சிதரைத் திருவாரூரிலிருந்து சென்னையை அடுத்த மணலிக்கு அழைத்துவந்து ஆதரித்தவர் முத்துகிருஷ்ண முதலியார். கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு துபாஷாக இருந்த குடும்பம் அது. அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். கம்பெனியாரோடு இருந்த பழக்கத்தால், தீட்சிதர் சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இளையவர் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாத கர்நாடக இசை மேடையை நாம் கற்பனைகூடச் செய்வதில்லை. மூத்தவர் முத்துசுவாமி, கேட்ட மெட்டுகளுக்கு சாகித்யம் எழுதினார். ‘நோட்டு’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி அவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர் வந்தது. சுமார் 40 நமக்குக் கிடைத்திருக்கின்றன, எல்லாமே சங்கராபரணம்.

ஏன் சங்கராபரணம் மட்டும்? மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேலும் நமது சங்கராபரணமும் ஒரே ஸ்வர வரிசை என்பது பொதுவான விடை. அதற்கு அடியில் இன்னொரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது உலோகக் குழாயின் இயற்பியல். பித்தளைக் குழலில் வால்வு பொருத்தும் முறை ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது 1810-களில்தான். அதற்கு முந்தைய டிரம்பெட், கொம்பு, பியூகிள் ஆகியவற்றில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சில ஸ்வரங்களை மட்டுமே எழுப்ப முடியும். கீழ்ப்பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம். மீண்டும் மேல் ஷட்ஜம். ராணுவத்துக்கு எழுதிய மெட்டுகளெல்லாம் ‘ச க ப’ படிக்கட்டில் தாவி ஏறுவதும் தாவி இறங்குவதும் அதனால்தான். கமகம் இல்லை, குழைவு இல்லை. அந்தக் குழாயின் எல்லையையும் சேர்த்தே தீட்சிதர் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் வியப்பு. ராகத்தை அங்குலம் அங்குலமாக விரித்த அதே கைதான் இந்த நேர்க்கோட்டு மெட்டுகளுக்கும் சொல் பொருத்தியது.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. ‘சந்ததம் பாஹிமாம் சங்கீத சியாமளே’ என்ற நோட்டுஸ்வரத்தின் மெட்டு, பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் ‘காட் சேவ் த கிங்’. ஆட்சியாளரின் அரச வாழ்த்தை எடுத்து, மன்னர் இருந்த இடத்தில் சங்கீத சியாமளையை அமர்த்திவிட்டார். அதை எதிர்ப்பு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பணிவு என்று சொல்லவும் மனம் வரவில்லை. நல்ல மெட்டு, எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் என்றே எண்ணுகிறேன்.

இந்த மெட்டுகளை ஏட்டில் காத்தவர்கள் வரிசையில் தேவாலயத்துக்கும் இடம் உண்டு. 1893-இல் கர்நாடக இசையை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் அச்சிட்ட ஏ.எம். சின்னசாமி முதலியார் ஒரு கிறிஸ்தவர். தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரைத் தூண்டி, 1904-இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூல் வெளிவரக் காரணமானவர்களில் அவரும் ஒருவர்.

இந்தப் போக்குவரத்து தீட்சிதரோடு நின்றுவிடவில்லை. தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் ஐரோப்பிய பாணியில் ஒரு பேண்டு வைத்திருந்தார். பேண்டிலிருந்து வந்த கிளாரினெட் சதிர் மேடைக்குள் நுழைந்து, நாகசுர மரபைத் தொட்டு, கடைசியில் ஏ.கே.சி. நடராஜன் கையில் 2008-ஆம் ஆண்டு மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது வரை சென்றது. கத்ரி கோபால்நாத் முதன்முதலில் சாக்ஸபோனைக் கேட்டது மைசூர் அரண்மனை பேண்டில்.

இந்தப் பின்னணியில்தான் தில்லியில் நடந்த ஒரு மாற்றத்தை நினைக்கிறேன். குடியரசு நாள் விழாக்களின் நிறைவாக ஜனவரி 29-இல் நடைபெறும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், காந்தியடிகளுக்கு விருப்பமான ‘அபைட் வித் மீ’ என்ற கிறிஸ்தவ கீதம் 1950 முதல் வாசிக்கப்பட்டுவந்தது. 2022-இல் அது நீக்கப்பட்டு, 1962 போரில் மாண்ட வீரர்களுக்காகக் கவி பிரதீப் எழுதிய ‘ஏ மேரே வதன் கே லோகோ’ இடம்பெற்றது. இந்திய மெட்டுகளே பொருத்தமானவை என்பது சொல்லப்பட்ட காரணம். பிரதீப்பின் பாடலுக்கு அந்த மேடையில் எல்லாத் தகுதியும் உண்டு. அதைக் கேட்டுக் கண் கலங்காத தலைமுறை அன்று என்னுடையது. ஆனால், பிறந்த ஊரைக் கொண்டு ஒரு மெட்டின் குடியுரிமையைத் தீர்மானிப்பதென்றால், பேத்தியின் சியாமளே மீனாட்சியை எங்கே நிறுத்துவது? இரண்டையும் வாசிக்க அந்த மாலையில் நேரம் இல்லாமலா போயிற்று?

ஆயினும், ஒரு மெட்டு போவதும் வருவதும்கூடப் பெரிதன்று. வாசிப்பவர்களே அருகிவருவதுதான் என்னை உறுத்துகிறது. என் சிறுவயதில் தியாகராய நகர்க் கல்யாண ஊர்வலங்களில் சிவப்புக் கோட்டும் பொன்னிறச் சரிகையுமாக பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் நடப்பார்கள். அந்தச் சீருடையே ராணுவத்தைப் பார்த்துத் தைத்துக்கொண்டதுதான். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கிளாரினெட் கலைஞர் இருந்தார். முகூர்த்த மாதங்களில் வாசிப்பார், ஆடி மாதத்தில் கடன் வாங்குவார். அவர் மகன் ஆட்டோ ஓட்டுகிறார். கிளாரினெட் பெட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் இதை வேறு வழியில் பார்க்க எனக்குத் தெரியாது. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966-இல் நிகழ்த்துகலைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். தொழிற்சாலையில் ஒரு மணி நேர உழைப்பில் கிடைக்கும் பொருள் ஆண்டுதோறும் பெருகுகிறது, கூலியும் ஏறுகிறது. மூன்று நிமிட அணிவகுப்பு இசைக்கோ நூறாண்டுக்கு முன்பு முப்பது பேர் தேவை என்றால், இன்றும் முப்பது பேர் தேவை. பதினைந்து பேரை வைத்து ஒன்றரை நிமிடத்தில் முடித்து உற்பத்தித்திறனை உயர்த்த முடியாது. பிற துறைகளின் கூலி உயரும்போது இசைக்கலைஞரின் கூலியும் உயர்ந்தாக வேண்டும். இல்லையேல் அவர் ஆட்டோ ஓட்டப் போவார். கல்யாண வீட்டார் முப்பது பேருக்கு முன்பணம் கொடுப்பதைவிட ஒரு ஒலிபெருக்கி வண்டியை அழைப்பது மலிவு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எனவே, பெரிய காற்றிசைக் குழு ஒன்றை மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்து வைத்திருக்க நம் நாட்டில் பெரும்பாலும் அரசால்தான் முடிகிறது: ராணுவம், கடற்படை, விமானப்படை, காவல் துறை. ராணுவ இசைக்கலைஞர்களைப் பயிற்றுவிக்க மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் 1950 முதல் தனிப் பள்ளி இயங்குகிறது. போர்க்காலத்தில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமக்கும் பணியும் இவர்களுக்கு உண்டு. இவ்வளவு செலவில், இவ்வளவு பயிற்சியில் உருவான குழுவை நாம் கேட்பது பெரும்பாலும் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் மட்டுமே. அதுவும் தொலைக்காட்சியில், வர்ணனையாளரின் குரலுக்கு அடியில்.

பொருளாதாரத்தில் இறுதிநிலைச் செலவு என்று ஒன்று சொல்வோம். குழுவின் சம்பளம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. தேவாலயத்தில் இருநூறு பேருக்குப் பதில் இருநூற்றொருவர் அமர்ந்தால் கூடுதல் செலவு ஏதுமில்லை. அப்படியிருக்க, கதவை ஏன் மூடிவைக்க வேண்டும்? நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாமல் கர்நாடகக் கச்சேரி நடந்து, நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். பனகல் பூங்காவில், எலியட்ஸ் கடற்கரையில், மாதம் ஒரு மாலை காவல் துறை பேண்டோ ராணுவ பேண்டோ வாசிக்கலாம். போக்குவரத்துச் செலவும் நாற்காலி வாடகையும்தான் புதிதாக ஆகும். பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963 முதல் இருக்கிறது. ராணுவம் சென்னைக்கு வெளியூர் விருந்தாளி அன்று. கோட்டைக்குள் நுழைய தீட்சிதருக்கு ஒரு துபாஷ் தேவைப்பட்டார். நமக்கும் இன்னும் ஒருவர் தேவைப்படுவது நியாயமா?

அன்று நிகழ்ச்சி முடிந்ததும் பேத்தி நேராக டிராம்போன் வீரரிடம் போய் நின்றாள். அவர் குழாயை நீட்டி மடக்கிக் காட்டி, ஊதிப் பார்க்கிறாயா என்று இந்தியில் கேட்டார். கன்னம் உப்பியதே தவிர, காற்றுதான் வந்தது. நான் குழுத் தலைவரிடம் அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று விசாரித்தேன். “உத்தரவு வந்தால் வருவோம், சார்” என்றார்.