‘ரைட்’ என்னும் சொல்



இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,200 அடி. நானுஓயாவிலிருந்து ஏறிவரும் பாதை இதனைத் தாண்டி, ஒரு சுரங்கத்தினூடே சென்று ஒகியாவை நோக்கி இறங்குகின்றது. ஒற்றைப் பாதை, எதிரே மற்றொரு வண்டி வந்துவிட்டால் விலக இடமில்லை. ஆகவே, டேப்லட் எனப்படும் தகட்டை நிலைய அதிபரிடமிருந்து பெற்ற பின்னரே சாரதி வண்டியைச் செலுத்தலாம் என்னும் விதி மலையகப் பாதையில் நெடுங்காலம் நிலவிற்று.

புறப்பட இசைவு தரும் அக்குறிப்புக்கு ஆங்கிலேயப் புகையிரதத் துறையில் ‘ரைட் அவே’ என்று பெயர். வீட்டுப் பேச்சில் அத்தொடருக்கு ‘உடனே’ என்பது பொருள். தண்டவாளத்திலோ ‘புறப்படலாம்’ என்பது பொருள். பஸ் நடத்துநர் ‘ரைட்’ என்று குரல் கொடுப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஏறுவோர் ஏறிவிட்டனரா என்று பார்த்தவரே அதைச் சொல்லுதல் வேண்டும். பாராது சொல்லும் ‘ரைட்’ ஆபத்தானது.

இச்சொல்லின் பழம்பொருள் ‘நேரானது’ என்பதாகும். அதிலிருந்தே சரி, வலப்பக்கம், இசைவு, உரிமை என்பன கிளைத்தன. நமது ‘நேர்’ என்னும் சொல்லும் இவ்வழியே சென்றிருப்பது வியப்பன்றோ? கோடு நேர், ஒழுக்கம் நேர்மை. தலைவியின் சுற்றத்தார் மணத்துக்கு உடன்படுவதை ‘வரைவு நேர்தல்’ என்பர் அகப்பொருள் உரைகாரர்.

‘ஆல் ரைட்’ என்பதில் நம்மவர் ஏமாறுவதுண்டு. நம் வேலையைப் பார்த்து ஆங்கிலேயர் ஒருவர் அப்படிச் சொன்னால் மகிழ்ந்து போகின்றோம். அது பெரும்பாலும் ‘குறை சொல்வதற்கில்லை’ என்ற அளவிலேயே நிற்கும். மனமாரப் புகழ்வதாயின் ‘வெல் டன்’ என்பார். நாம் ‘சபாஷ்’ என்போம். அதுவும் பாரசீகத்திலிருந்து வந்த விருந்தாளிதான்!

இனி, இச்சொல்லின் பெயர் வடிவம். ‘ரைட்’ என்று தனித்து ஒலித்தால் அது பிறர் தரும் இசைவு. முன்னே ‘எ’ என்னும் ஓரெழுத்துச் சேர்ந்து ‘எ ரைட்’ ஆனால், அது நம்முடைய உரிமை. இசைவை மறுக்கலாம், உரிமையை மறுப்பது அநீதி. இவ்வேறுபாட்டை மலையகத் தமிழர் அகராதியைப் புரட்டிக் கற்றவரல்லர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டுச் சட்டம், வேண்டுமாயின் விண்ணப்பியுங்கள், சான்று காட்டுங்கள் என்றது. விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த மண்ணில் வாழ்வதற்கு ஓர் அதிகாரியின் ‘ரைட்’டுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என ஆட்களையே பங்கிட்டது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்திலே நடை மாறிற்று. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்கள் என்று அது கூறிற்று. அவ்வாண்டு அவர்களுக்குக் கிட்டியதை ஆங்கிலத்தில் எழுதுவோர், அந்த ‘எ’ என்னும் எழுத்தை விட்டுவிடலாகாது.